ஓநாய்ச் சீட்டு

அந்த ஆட்டத்தைக் குழந்தைகூட ஆடலாம், ஐயா. ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். ஒருவனுக்கு மட்டும் ஓநாய்ச் சீட்டு வரும். அவன் அப்பாவிபோல் பேச வேண்டும். மற்றவர்கள் பேச்சுக் கொடுத்தே அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் குளிர்பதனக் கிடங்கில் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதுதான். என்னிடம் மாட்டாத ஓநாய் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. எந்நேரமும் அடுத்தவர் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பது அலுப்பான வேலை; வீட்டுக்குப் போனாலும் விடாது.

என் மனைவியின் தம்பியும் அங்கேதான் பெட்டி அடுக்கினான். நான்தான் சேர்த்துவிட்டேன். தங்கமான பையன், பொய் மட்டும் வராது. ஓநாய்ச் சீட்டு வந்தால் கேட்காததற்கெல்லாம் காரணம் சொல்வான். நுணலும் தன் வாயால் கெடும் என்று எல்லோரும் கேலி செய்வோம். மற்ற நேரத்தில் சும்மா சிரிப்பான்.

நான் வேலை நேரத்தில் தூங்குகிறேன் என்று யாரோ முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். தூங்கினேன்தான். வயதாகிறது, உடம்பு கேட்பதில்லை. இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும் என்றார் முதலாளி. மச்சினனிடம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஏன் மாமா சொல்லப்போறேன்? அப்புறம் அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்? அன்னிக்கு நான் லாரிகிட்டல்ல நின்னேன்..." என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, கடைசிப் பெட்டியை வைக்க அவன் உறையறைக்குள் போனான். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உள்ளிருந்து திறக்கும் பிடி உடைந்து நாளாகிறது; அதைப் பற்றி யாரும் முதலாளியிடம் புகார் சொல்லவில்லை, பாருங்கள். ஒத்துக்கொண்டால் திறந்துவிடுவதாகச் சொன்னேன். அநியாயமாக எதுவும் கேட்கவில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"சத்தியமா நான் இல்ல மாமா, தொறங்க மாமா, கை மரத்துப்போச்சு" என்று அழுதான். பிறகு மறுபடியும் காரணங்கள். குரல் நடுங்கியது. பொய் சொல்கிறவனுக்கு நடுங்கும், ஐயா.

நடுவில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது பேச்சு நின்றிருந்தது. ஆட்டத்தில் பேச்சு நின்றால் ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். மௌனம் சம்மதம். நிம்மதியாகத் திறந்தேன். கதவோரம் சுருண்டு கிடந்தான். உயிர் இல்லை. அவன் அக்காவிடம் நான் என்ன சொல்வேன்?

முதலாளியிடம் சொன்னது தான்தான் என்று எங்கள் கிடங்கு லாரி டிரைவர் உங்களிடம் ஒத்துக்கொண்டாராம். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருக்கிறார். வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறார், ஐயா.