மரம் ஒருவருக்கு, கொடி ஒருவருக்கு, ஏணி எனக்கு!

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் டொன் எர்மினியோ அவர்களே! தேவாலய நிழலில் முன்கூட்டியே இடம்பிடித்துவிட்ட பெரியோர்களே! எருமைத் தொழுவத்திலிருந்து கைகழுவிய ஈரத்தோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! ஒரே வரிசையில் உட்கார்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத என் இரு அண்ணன்மார்களே! நுன்சியாவின் வணக்கம்!

சிரிக்காதீர்கள் ஐயா, அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டுமே, அதற்குத்தானே மேடையேறினேன்!

நாளை அறுவடை. நம் வெள்ளை ஒயின், நம் அஸ்ப்ரினியோ! வெளியூர்க்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டு, புளிக்கிறதே என்று முகம் சுளிப்பார். புளிக்கட்டுமே! நம் எருமைப்பால் பாலாடைக்கட்டி மொத்ஸரெல்லாவை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடி குடிக்கட்டும். கோப்பையைக் கீழே வைப்பாரா? அந்தத் திராட்சை எங்கே பழுக்கிறது? தரையிலா? தோளுயரப் பந்தலிலா? இல்லை! நெடிய பாப்ளர் மரத்தைத் தழுவி, மாடிவீட்டையும் தாண்டி ஏறிய கொடியிலே பழுக்கிறது!

அப்படி எங்கள் வீட்டுக்கிருந்த சொத்தை அப்பா எப்படிப் பிரித்தார்? மரமெல்லாம் மூத்தவர் பியாஜியோவுக்கு. கொடியெல்லாம் இளையவர் சோசியோவுக்கு. எனக்கு ஏணி. "பாவம்டி நுன்சியா, பொண்ணுன்னதும் கட்டையக் குடுத்துட்டாரே!" என்று இதே தாய்மார்கள்தான் உச்சுக்கொட்டினீர்கள். மறந்துவிடவில்லை!

பிறகு நடந்தது ஊரறியும். "என் மரத்துல உன் கொடிக்கு என்னடா வேல? எறக்கிக்கோ!"

"என் கொடி இல்லாட்டி உன் மரம் வெறும் வெறகுண்ணே!"

"வெறகா? திங்கக்கிழமை ரம்பத்தோட வர்றேன், பாரு!"

ரம்பம் வந்தால் மரத்தோடு கொடியும் சாயும். கொடி சாய்ந்தால் எங்கள் வீட்டு ஒயினும் அதோடு முடிந்தது. பயந்துபோன சோசியோ அண்ணன், நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து என் ஏணியைத் தூக்கிப்போய், ரம்பம் வருமுன் கிடைத்த பழத்தையாவது பறித்துவிட அவசரமாக ஏறினார். நம் ஊர் ஏணி யாருக்குச் செய்தது? ஏறுகிறவர் காலளவுக்குச் செய்தது! படிகளுக்கிடையே முழங்காலை மடித்துச் செருகினால்தானே இரண்டு கையும் பழம் பறிக்கும்? அது அப்பா என் காலுக்கு அளவெடுத்த ஏணி. அண்ணன் காலோ பாஸ்தா வளர்த்த கால். உள்ளே போன முழங்கால் வெளியே வரவில்லை!

உச்சியில் தொங்கியபடி யாரை அழைத்தார்? புனிதர்களையா? பொண்டாட்டியையா? "அண்ணே! பியாஜியோ அண்ணே! ஏணியப் பிடிண்ணே!"

ஓடிவந்து பிடித்தார் மூத்தவர். நான் வந்து காலை விடுவிக்கும்வரை பிடி தளரவில்லை, வாயும் ஓயவில்லை. "அசையாதடா, தடியா! நீ விழுந்து செத்தா நான் யார்கூடடா சண்ட போடுவேன்?"

அதைக் கேட்டு அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது. ஆனால் அழ வரவில்லை நான், அறிவிக்க வந்தேன்!

அண்ணன்மார்களே! அந்த ஏணியில் என்னைத் தவிர யாரும் ஏற முடியாது. நாளை நான் ஏறுவேன். ஏணியின் ஒரு காலை மரக்காரர் பிடிக்க வேண்டும், மறு காலைக் கொடிக்காரர் பிடிக்க வேண்டும். இந்த ஆண்டு மட்டுமல்ல, ஆண்டுதோறும்! ஏணியைப் பிடித்த கை ரம்பத்தைப் பிடிக்குமா? ஒருவர் கைவிட்டாலும் விழப்போவது மரமல்ல, கொடியல்ல, உங்கள் தங்கை! பிடிப்பீர்களா?

என்ன டொன் எர்மினியோ, அண்ணன்மார் பக்கம் பார்க்கச் சொல்கிறீர்களா? ஆ... பியாஜியோ அண்ணன் எழுந்துவிட்டார். சோசியோ அண்ணனும் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுகிறார்!

தட்டிய கைகளுக்கெல்லாம் நன்றி. அதே கைகளில் கூடையோடு காலையில் வாருங்கள். மரத்துக்கும் கொடிக்கும், அவற்றின் அடியில் நிற்கப்போகும் என் அண்ணன்மார் இருவருக்கும் வணக்கம்!