கொத்திய பெயர்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் தோர்பெனின் அத்தை ரிக்மோருக்கு நடந்தது.

ஜனவரி மாதம். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. யூட்லாந்து என்ற குளிர்ப் பிரதேசத்தின் மேற்குக் கரையில், பொட்டல் நடுவே ஒற்றைச் சாலை... அதன் கடைசியில் ஒரு பழைய சர்ச். பக்கத்தில் ஒரே வீடு. அது சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுடையது; பெயர் போதில்.

சுவரோவியங்கள் மேல் பின்னாளில் அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, அடியில் இருப்பதை மீட்பதுதான் ரிக்மோரின் வேலை. அந்த சர்ச் சுவரில் இருந்தது அறுநூறு வருஷத்து ஓவியம். ஓரத்தில் லத்தீனில் 'என்னை வரைந்தவர்' என்று எழுதியிருந்தது. அடுத்து, பெயர் இருந்த இடத்தை மட்டும் யாரோ உளியால் கொத்தியிருந்தார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது போதில் அம்மாள் சொன்னாள்: "படத்த என்ன வேணா பண்ணும்மா. அந்தப் பேர மட்டும் தோண்டாத. கொத்துனவங்க ஒண்ணும் கிறுக்குப் புடிச்சவங்க இல்ல."

ரிக்மோர் சிரித்து வைத்தாள். இருபது வருஷமாகப் பெயரில்லாத ஓவியர்களோடு குப்பை கொட்டியவள். ஒரே ஒரு பெயர் கிடைக்காதா என்று ஏங்கியவள்.

சுவரோரம் கட்டியிருந்த சாரத்தில் ஏறினாள். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். உளித் தழும்புகளுக்கு அடியில் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்... பெண்ணின் பெயர். இத்தனை காலமும் வரைந்தவர் ஆண் என்றே எழுதி வைத்திருந்தார்கள். சந்தோஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"ம்?"

கூப்பிட்டால் கேட்பார்களே, அப்படி. அவள் தோளுக்குப் பின்னால். ஈரச் சுண்ணாம்பு வாடை. சாரப் பலகை... கிரீச்... யாரோ ஓரடி எடுத்து வைத்தாற்போல.

எப்படி இறங்கினாள், எப்படிக் கார் ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. அறிக்கையில் 'பெயர் படிக்க முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். ஆயுளில் ஒருமுறை கிடைக்கிற கண்டுபிடிப்பு அது. கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று வருஷம் ஒன்றுமில்லை. பிறகு முழங்காலில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது பகல் பதினொரு மணி. ஜன்னலில் நல்ல வெயில். மயக்கத்தில் ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்றாள் நர்ஸ். ரிக்மோர் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"பயப்படாதீங்கம்மா. அவங்க உடனே வந்துட்டாங்க. இவ்வளவு நேரமும் உங்க கையப் புடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தாங்க. கையக் கழுவிட்டுப் புடிங்கன்னு சொன்னேன்... கேக்கல."

ரிக்மோர் மெல்லப் போர்வையை விலக்கினாள். வலது கை, மணிக்கட்டு வரை வெள்ளை.

இன்னும் காயவில்லை.