முதலாம் ஆண்டில் ஒரே மாணவி

பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு பெண்கள். இளையவள் பேருந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"கல்வி அமைச்சு என் மக ஒருத்திக்கு ஏழு வாத்தியார் குடுத்திருக்கு."

"நீ என்ன மந்திரிக்குச் சொந்தமா?" என்று மூத்தவள் சிரித்தாள்.

"தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில படிக்கிறா அக்கா. முதலாம் ஆண்டுல, ஏழு வயசு வகுப்புல, இவ மட்டும்தான். ஏழு பேரும் மாறி மாறி வந்து இவளுக்குத்தான் பாடம் எடுக்கிறாங்க."

"புள்ள இல்லன்னு பள்ளிய மூடிட்டா?"

"எப்படி மூடுவாங்க? புள்ள உக்காந்திருக்கிற வரைக்கும் அமைச்சு வாத்தியார அனுப்பித்தான் ஆகணும்லா. என் மக எந்திரிக்க மாட்டா."

"ஓட்டப்பந்தயத்துல யார்கூட ஓடுது?"

"தலைமையாசிரியர்கூட. அவரு மூச்சு வாங்கிப் பாதியில நின்னுட்டாரு. தங்கம் இவளுக்கு."

"சோதனையில?"

"எப்பவும் முதல் இடம்."

மூத்தவள் வெளியே ஓடும் செம்பனைத் தோட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"என் மவனும் முதலாம் ஆண்டுதான், டவுன் பள்ளியில. நாப்பது பேர்ல அவன் பேருகூட டீச்சருக்குத் தெரியல."

"அவன எங்க பள்ளிக்கு மாத்திடு அக்கா."

பேருந்து நின்றது. மூத்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மாத்துறேன். உன் மககிட்ட இப்பவே சொல்லி வை, இனிமே முதல் இடம் சும்மா கிடைக்காது."