பங்கர் என்று சொன்னேன்

"குத்திட்டான்! படுங்கோ, படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். தூரத்தில் ஆமி ஷெல் குத்தும் சத்தம். டும். பிறகு கூவல். ஓடுகிறேன். இடுப்பில் நிலானி. ஏழு வயது, இடுப்பில் தூக்கும் பிள்ளையில்லை. ஆனாலும் தூக்கினேன். தேவிபுரம். 2009 மாசி. பாதுகாப்பு வலயம் என்று வானொலி சொன்ன இடம். கால் மணலில் புதைகிறது. மகளைக் கிடங்குக்குள் இறக்கினேன். நான் இறங்குவதற்குள் ஷெல் விழுந்தது. வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

கிடங்கு என்றால் நிலத்தில் வெட்டிய குழி. மேலே நாலைந்து பனங்குற்றி. சுற்றிவர மண்மூட்டை. சாக்குக் கிடைக்கவில்லை. என் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்தேன். உள்ளே குந்தினால் தலை தட்டும். மழைக்கு முழங்கால்வரை தண்ணீர். வன்னியில் எல்லோரும் இதைப் பங்கர் என்றுதான் சொன்னோம். "அம்மா, பங்கருக்கை போவமோ?" என்றுதான் அவளும் கேட்பாள்.

காயக்காரர்களைக் கொண்டுபோன கப்பலில் என்னையும் ஏற்றினார்கள். அந்த வருடக் கடைசியில் ஜெர்மனிக்கு, ஹம் நகரில் இருக்கும் அண்ணையிடம் வந்து சேர்ந்தேன். அண்ணைக்குத் தொழிற்சாலையில் வேலை. தொலைக்காட்சிக்காரர்கள் பேட்டி கேட்கிறார்கள் என்றார். எனக்கு ஏலாது என்றேன்.

"சொல்லு பிள்ளை. நிலானிக்கு நடந்ததை ஆராவது கேக்கவேணும்."

அதற்காகத்தான் கமெராவுக்கு முன்னால் இருந்தேன். செத்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்று ஓரிடத்திலாவது பதியட்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அண்ணை மொழிபெயர்த்தார். நான் பங்கர் என்றதும் கேள்வி கேட்டவர் தலையாட்டினார். விளக்கிச் சொல்லுங்கோ என்றேன்.

"தேவையில்லை. அது இவையளின்ரை சொல்லுத்தான். விளங்கும்."

எனக்கும் சந்தோசம். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லாவது இவர்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்ததே என்று.

ஒளிபரப்பான மாலை அண்ணை வீட்டு ஹாலில் இருக்கிறோம். முதலில் வரைபடம். சிவப்பாக ஒரு நிலம். சுருங்குகிறது. இன்னும் சுருங்குகிறது. பந்தாட்டத்துக்கு வர்ணனை சொல்வதுபோல ஒரு குரல். மக்கள் போராளிகளோடு தங்குவதையே தேர்ந்தெடுத்தார்கள் என்றதாம். அண்ணை சொன்னார். தேர்ந்தெடுத்தோமாம்! சந்தையில் கத்தரிக்காயா பொறுக்கினோம்? முன்னுக்குப் போனால் ஷெல். தப்பிப் போகப் பார்த்தவர்களை எங்கள் இயக்கப் பெடியளே மறித்துச் சுட்டார்கள். எந்தப் பக்கம் போகிறாய் என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சீமெந்துக் கட்டடம். தடித்த சுவர். சுடுவதற்குத் துவக்கு நீட்டும் ஓட்டை. இரும்புக் கதவு. எங்கே பிடித்த படமோ, யாருக்குத் தெரியும். அதற்கு அடுத்தது நிலானி. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். குரல் ஏதோ சொன்னது. அண்ணை மொழிபெயர்க்கவில்லை. நடுவில் வந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.

"என்ன சொன்னவங்கள்?"

"போராளியளின்ரை பங்கருக்கை செத்ததாம்."

மறுநாள் அண்ணை தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தார். குழி என்று திருத்துங்கள் என்றார். அவவே பங்கர் என்றுதானே சொல்லியிருக்கிறா, பதிவில் இருக்கிறது என்றார்களாம். வைத்துவிட்டார்கள். அண்ணை ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார்.

"இஞ்சை பங்கர் எண்டா கொங்கிறீட். ஆமிக்காரர் இருக்கிறது. நான் யோசிக்கேல்லையடி."

அண்ணையில் கோபம் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் தவறியது ஒரு சொல்லில். அவர்கள் ஏழு வயதுப் பிள்ளையின் முகத்தை அந்தச் சீமெந்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஜெர்மனியில் எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்திருப்பார்கள். சரி, போர்க்களத்தில் செத்தது என்று தட்டை எடுத்துக் கழுவப் போயிருப்பார்கள்.

ஆகவே நானே எழுதுகிறேன். நான் இழந்தவை இவை. கிளிநொச்சியில் ஒரு வீடு, கிணற்றோடு. இரண்டு மாடு. என் இடது கையில் இரண்டு விரல். ஒரு கூறைச்சேலை. தருமபுரத்தில் தண்ணீர் எடுக்கப் போன என் கணவர். தேவிபுரத்தில் என் மகள் நிலானி, இரண்டாம் வகுப்பு.

அவளைப் புதைக்க வேறு குழி வெட்ட ஷெல் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பனங்குற்றிகளை இழுத்துப் போட்டார்கள். என் சேலை மூட்டைகளைக் கிழித்து, அந்த மண்ணையே அவள்மேல் கொட்டி மூடினார்கள். அதுதான் அந்தப் பங்கர்.