முன்பக்கத்து ரெண்டு ஷாக் அப்சர்

இல்ல பூவராகண்ணா, அப்பிடி மேலாக்க பாத்தா ஆவாது. நல்லா தொடச்சிட்டுப் பாரு. இந்தா, துணி. இரும்புலியூர்லேந்து உன் செம்பாக்கம் கடை வரிக்கும் ஆட்டோல மடியில வெச்சி எடுத்தாந்துருக்கேன், பச்சப் புள்ள மாரி. லுங்கியெல்லாம் ஆயிலு.

நம்ம அறுபத்தெட்டு மாடல் ஃபியட்டோடதுதான், ரெண்டு ஷாக் அப்சரும். மாத்துனதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நடுவுல எத்தினி மெக்கானிக் கை வெச்சான், எவனாவது கம்பெனிது கழட்டிட்டு டூப்பு மாட்டிருக்கலாம்ல? அத்தத்தான் நீ சொல்லணும்.

இன்னா, நம்பர் கீதா? பெயிண்ட்டுக்கு அடில நகத்துக்குத் தட்டுப்படுதா? அப்ப பஞ்ச் அடிச்சதுதான். டூப்புன்னா ஸ்டிக்கர் ஒட்டிருப்பான். வருஷம் பாரு. அறுபத்தேழா? ம்... பார்ட்டு மொதல்ல பொறந்து வண்டி அப்பறம் பொறந்துகீது. சரியாத்தான் வருது. அவசரப்படாத, இன்னொண்ணையும் பாரு.

எதுக்கா? ஞாயித்துக்கெழம அஃப்தாப் பாய் வர்றாருண்ணா. நம்ம பொண்ணு ஃபராவுக்குப் பேசிருக்கோமே, மாப்ள ஃபயாஸ், அவனோட அப்பா. பழைய கார் பைத்தியம். நக வேணாம், சீர் வேணாம், பொண்ணும் மாப்ளயும் உங்க ஃபியட்லதான் மண்டபத்துக்குப் போவணும், ஆனா அதுல ஒரு திருகாணி கூட வெளிச்சரக்கா இருக்கக் கூடாதுன்னுட்டாரு. நானும் பெரியவங்க முன்னாடி வாக்கு குடுத்துட்டேன்.

அந்தாளப் பத்தி உனக்குத் தெரியாது. போன வாரம் வந்தாரு. வாசல்ல சலாம் சொல்லிக்கினே டார்ச்ச எடுத்துக்கினு வண்டிக்கு அடில பூந்துட்டாரு. வெள்ள ஜிப்பாவோட. என் வூட்டுக்காரி பரிதா டீ எடுத்துனு வந்து பாக்குறா, சம்பந்தின்னு வெளிய தெரியறது ரெண்டு காலுதான். காலாண்டயே டீய வெச்சிட்டுப் போய்ட்டா. பின்பக்கம் மொத்தம் பாத்து முடிச்சாரு, பொழுது சாஞ்சி மக்ரிப்புக்கு பாங்கு சொல்லிட்டாங்க. முன்பக்கம் அடுத்த ஞாயிறுன்னு எழுந்து போய்ட்டாரு.

சிரிக்காத. கூடப் படிச்ச தோஸ்து ஒருத்தரு, வீல் கப்பு டூப்பு போட்டுட்டு ஒரிஜினல்னு சொன்னாராம். அவரு செத்தப்ப மௌத்துக்குக் கூட இவுரு போவலண்ணா! பொய்ச் சரக்கு வெச்சிருக்கறவன் வூட்ல தண்ணி கூட குடிக்க மாட்டாராம்.

பையனா? சிங்கப்பெருமாள் கோவிலாண்ட கம்பெனில வேல. நல்லா சம்பாரிக்கிறான். ஆனா அப்பனோட அச்சு. போன்ல ஃபராவாண்ட, பல்லு முடியெல்லாம் ஒரிஜினல்தான, எதுனா ரிப்பேர் வேல பாத்துக்கீதான்னு கேட்டுட்டு சிரிச்சிருக்கான். ஜோக்காம்.

இன்னா சொல்ற? ரெண்டுமே கம்பெனிதா? புஷ் ரப்பர் கூடவா? நல்லா பாத்தியா? அடப் போண்ணா, பேஜார் பண்ணிட்டியே. ஒண்ணாவது டூப்பா இருக்கும்னு நம்பி வந்தேன்.

முழிக்காத, உக்காரு. நேத்து ஃபரா வந்து சொல்லிட்டா. அழுவல, கத்தல. அத்தா, அந்த வூட்டுக்கு ஃபியட்ட வேணா கட்டிக் குடுத்துடு, நான் போவலன்னுட்டா. இப்ப நான் போய் கல்யாணம் வேணாம்னா ஊரு என் பொண்ணத்தான் நோண்டும். இன்னா கொற, எவன் கூடன்னு. அதே, அவரு ஷாக் அப்சருக்காக நிறுத்துனாருன்னு வெச்சிக்கோ, கேக்குறவன் அவரப் பாத்துதான் சிரிப்பான். என்னப் பொய்யன்னுவாரு. சொல்லினு போட்டும். என் மௌத்துக்கும் வர மாட்டாரு, எனக்கு இன்னா நஷ்டம்?

அதனால இந்த ரெண்டையும் உள்ள பத்திரமா வை. டூப்பு ஒரு ஜோடி குடு. அய்ய, அது வேணாம். அது நெசமாவே கம்பெனிது மாரி கீது, மனுஷன் ஏமாந்துடுவாரு. அதோ, அந்த செவப்பு. அதான்.

ஸ்டிக்கர உரிக்காதண்ணா. டார்ச் அடிச்சா பளிச்சுனு தெரியணும்.