மொட்டைமாடித் தொட்டி மண்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கீரை ஆகாது. தட்டில் பச்சையாக எதைக் கண்டாலும் ஓரங்கட்டிவிடுவேன். சிரிக்காதீர்கள் ஐயா, இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

என் வேலை மண் எடுப்பது. வயலில் பத்து இடத்தில் குழி தோண்டி, மண்ணை வாளியில் கலந்து, அரைக் கிலோவைப் பையில் கட்டிப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவேன். என் மனைவியின் அண்ணனுக்கு மூன்று ஏக்கர் கீரை வயல். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீர்தான் பாசனம். மண்ணில் ஈயம் அளவுக்குள் இருக்கிறது என்று வருடா வருடம் அறிக்கை வந்தால்தான் பள்ளிக்கூடச் சமையலறைகள் அந்தக் கீரையை வாங்கும். முதல் வருடம் அந்த வயல் மண்ணில் பெயர் எழுதாத ஒரு பொட்டலத்தைக் கொடுத்து முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். ஈயம் எக்கச்சக்கம். எங்கள் கல்யாணத்தை முன்னின்று நடத்திவைத்தவர் மச்சான். அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

வழி ரொம்பச் சுலபமாக இருந்தது. எல்லார் கண் முன்னாலும் முறைப்படி பத்துக் குழி தோண்டுவேன். வீட்டுக்கு வந்து, பையிலிருப்பதை மொட்டைமாடித் தொட்டியில் கொட்டிவிட்டு, தொட்டியின் மறுபக்கத்து மண்ணை அள்ளிக் கட்டுவேன். அறிக்கை வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மச்சான் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சீட்டியடித்துக்கொண்டே சைக்கிளில் வீடு திரும்பினேன். ஆறு வருடம் இதே கொண்டாட்டம். பதினான்கு பள்ளிக்கூடங்கள். ஒரு பிள்ளைகூட என்னிடம் வந்து புகார் சொன்னதில்லை.

வயல் கீரையை எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவிடவில்லை. அவ்வளவு முட்டாளில்லை நான். மனைவி தொட்டியிலேயே கீரை போட்டாள். நான் கொட்டிய கருகரு மண்ணில் அது தளதளவென்று வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏங்க, எங்கண்ணன் வயல் மண்ணு இன்னும் ரெண்டு வாளி கொண்டாங்களேன்” என்றாள்.

கொண்டுவந்தேன். வருடத்துக்குப் பத்து வாளியாவது இருக்கும். கெட்டது தண்ணீர்தானே, நாங்கள் ஊற்றுவது குழாய்த் தண்ணீர், மண் தானாகத் தேறிவிடும் என்று நினைத்தேன்.

போன வாரம் அறிக்கையில் ஈயம் நான்கு மடங்கு என்று வந்தது. நீங்கள் வயலுக்குப் பூட்டுப் போட்டீர்கள். மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது? அந்தப் பையில் நான் கட்டிக் கொடுத்தது எங்கள் தொட்டி மண்.

என் மகளுக்கு நாலு வயது. கீரை என்றால் உயிர். வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்ச மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். நாளைக்குத்தான் சோதிப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் என்னை அந்த மருத்துவமனைக்குப் போக விடுங்கள். நான் கீரையே தொடாதவன், என் ரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும். அவள் குப்பியில் அதை மாற்றி ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன். அப்புறம் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது.