டெர்மினல் காலி இல்லை

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலக மெஷினில் டீ என்ற பெயரில் வெந்நீர்தான் வரும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் ஆம்புலன்ஸ் கேட்டாலும் அழைப்பு எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் வரும். அங்கே இருப்பவர்கள் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால்தான் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும். நுழைய ஒரு மெய்நிகர் டெர்மினல் வேண்டும். அது கையால் தொடும் பொருள் அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வெறும் பெயர். பொதுவில் கொஞ்சம் வைத்திருப்போம். வேலைக்கு உட்காருபவருக்கு ஒன்று போகும், எழுந்ததும் திரும்பி வரும். சில சமயம் வராது. ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், டெர்மினல் அவர் பெயரிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். இப்படி எல்லாம் மாட்டிக்கொண்டால் அடுத்தவருக்கு ‘டெர்மினல் காலி இல்லை’ என்று வரும். மாடியிலிருக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் விடுவிப்பேன்.

பல வருடம் அப்படித்தான் ஓடியது. நான் படியிறங்கி வந்தாலே அந்த அறைக்கு உயிர் வந்தது போல இருக்கும். எங்கள் குடும்பத்தில் எனக்கு அந்த யோகம் கிடையாது. அங்கே எல்லாவற்றுக்கும் அண்ணனைத்தான் கேட்பார்கள்.

பிறகு ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தாள், என் மகள் வயது. வந்த சுருக்கில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“யாரும் தட்டாம சும்மா கிடக்கிற டெர்மினல் தானாவே விடுபடுற மாதிரி வச்சுட்டேன் சார். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

அதோடு என் ஃபோன் ஊமையாகிவிட்டது.

நான் கோபப்படவில்லை. ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களில் அது உள்ளே நுழைந்து டெர்மினல்களைப் பிடித்துக்கொள்ளும். சும்மா கிடப்பதாகத் தெரியக் கூடாதே, அதனால் அவ்வப்போது ஒரு எழுத்தைத் தட்டிவைக்கும். கூட்டம் சேரும் நேரத்தில் டெர்மினல் தீர்ந்துபோகும். மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பாவம், அந்தப் பெண் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கேபிளைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். வேலையில் இல்லாதவர்கள் பெயரெல்லாம் வருகிறதே என்று கேட்டாள். பழைய குப்பை, கண்டுகொள்ளாதே என்றேன். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பாள், நான்தான் விரட்டிச் சாப்பிட அனுப்புவேன்.

அன்று மத்தியானம் ஃபோன் அடித்தது. உடனே எடுத்தால் மதிப்பிருக்காது என்று கொஞ்சம் அடிக்கவிடுவேன். நின்றது. திரும்ப அடித்தது. அப்போதும் விட்டேன். கீழேயிருந்து மூத்த ஆப்பரேட்டர் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார்.

“ஒருத்தருக்கும் ஸ்க்ரீன் வரலப்பா. ஒரு அம்மா லைன்ல அழுதுக்கிட்டே இருக்காங்க, வீட்டுக்காரருக்குப் பேச்சுமூச்சு இல்லையாம். எந்த வண்டி பக்கத்துல நிக்குதுன்னு தெரியாம நான் எதை அனுப்புறது?”

“பதறாதீங்கக்கா, பாத்துடலாம்” என்றேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பிறகு புரோகிராமை நிறுத்தினேன். திரைகள் வந்துவிட்டன. அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை.

வண்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த முகவரி என் அண்ணன் வீடு. லைனில் அழுதது அண்ணி.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்கதான் சரிபண்ணி விட்டீங்களாமே. இல்லேன்னா அந்த வண்டியும் வந்திருக்காதாம்.”

ஆமாம் அண்ணி என்றேன்.

அன்றே புரோகிராமை அழித்துவிட்டேன். ஆனாலும் ஒரு டெர்மினல் மட்டும் விடுபடவே இல்லை. யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. விடுவித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன், மறுபடி பிடிபட்டிருக்கும். மெயின்பிரேமையே நிறுத்தித் தொடங்கியும் போகவில்லை. ஒருமுறை அந்தத் திரையை என் மேசையில் திறந்து பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை, கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, யாரோ வாய் திறக்காமல் காத்திருப்பது போல. அண்ணனும் அப்படித்தான், எதற்கும் அவசரப்படுத்த மாட்டார்.

அவள் செய்த மாற்றத்தால்தான் திரைகள் போயின என்று அந்தப் பொறியாளர் பெண்ணைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை என்றுதான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். டெர்மினல்களைப் பிடித்துவைத்தது நான். ஃபோனை எடுக்காமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலைகாரன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கூப்பிடுவது எங்கள் அண்ணனுக்காக என்று தெரிந்திருந்தால், முதல் மணியிலேயே எடுத்திருப்பேன்.